ஒற்றை ஆள் பந்தல்

இழுகயிற்றை விரலால் சுண்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்கிறார் கிளெண்டா. அது அவருடைய கயிறு இல்லை. பந்தலும் அவருடையது இல்லை. பந்தலுக்கு உரியவர் பைஜாமாவோடு, வாயில் பிரஷ்ஷோடு, தன் கேரவன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இது கயிறா, கொடியா கண்ணு? இதுல துணிதான் காயப்போடலாம்."

பிரஷ் நின்றுவிட்டது. கிளெண்டா அதற்குள் மூலைக்குப் போய் மண்டியிட்டு, பந்தலின் அடி விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். தைத்த இடத்தை நகத்தால் கீறினார். முளையை ஒரு மிதி மிதித்தார். பிறகு எழுந்து, புல்லில் வைத்திருந்த தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு, வந்த காரியத்தைக் கேட்டார்.

"ஒத்த ஆளா நின்னு இத மாட்ட முடியுமா?"

"ஓ, சுலபம்! ரெண்டு பேரு இருந்தா அரை மணி நேரம்."

"நான் எத்தன பேருன்னு கேட்டேன் கண்ணு?"

இங்கிலாந்தில், ஃபைலி என்ற ஊருக்கு அருகே, கடலோரப் பாறை மேட்டில் இருக்கும் எங்கள் கேரவன் முகாமில் ஏப்ரல் முழுக்க எல்லா வரிசையிலும் இந்தக் காட்சிதான். இது சினிமா நட்சத்திரம் ஏறி உட்காரும் கேரவன் இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துவரும் குட்டி வீடு. அதன் பக்கவாட்டில், கூரை ஓரமாக ஓடும் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், துணியின் விளிம்பைச் செருகி நிறுத்துவதுதான் பந்தல். மூன்று பக்கமும் சுவர், சன்னல், கதவு எல்லாம் துணியிலேயே. பந்தல் இல்லாத கேரவன், கூடமில்லாத வீடு. மழை பெய்தால் செருப்பை எங்கே கழற்றுவது, ஈரக் கோட்டை எங்கே மாட்டுவது? இங்கே மழை பெய்யாத நாள் எது?

கிளெண்டா மர்கட்ராய்டுக்கு எழுபத்தொரு வயது. ஹாலிஃபாக்ஸில் பள்ளிக்கூட உணவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்தடி உயரம்கூட இல்லை. குரல் மட்டும் ஆறடிக்கு மேல். முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே "பட்டாணியும் சாப்பிடணும்!" என்று சொல்லிப் பழகிய குரல். யாரைப் பார்த்தாலும் 'கண்ணு' என்பார். யார்க்‌ஷயரில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் கிளெண்டாவுக்குக் கோபம் ஏற ஏறக் கண்ணுகளும் ஏறும். ஒரு வாக்கியத்தில் மூன்று கண்ணு வந்துவிட்டால் நான் என் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். என் வண்டி அவருடையதற்கு அடுத்த இடம். சாத்தினாலும் கேட்கும்.

ஒற்றை ஆள் என்று ஏன் கேட்கிறார்? கணவர் கெய்த்தின் வலது தோளில் அறுவை நடந்திருக்கிறது. கை நெஞ்சுக்கு மேலே எழாது. படுத்துத் தூங்கவும் முடியாது. சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, பாதி உட்கார்ந்த மாதிரிதான் தூக்கம். அந்த நாற்காலியைச் சாய்த்து விரித்தால் கேரவனுக்குள் அடங்காது. பந்தலுக்குள்தான் விரிக்க வேண்டும். பழைய பந்தலோ போன செப்டம்பர்ப் புயலில் இரண்டாகக் கிழிந்தது. அது முந்தைய வண்டிக்கு வாங்கியது. இந்த வண்டிக்கு எப்போதும் பொருந்தியதில்லை. எப்படியோ இழுத்துக் கட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, கெய்த் கால் நீட்டும் அளவுக்குப் பெரிய பந்தல் வேண்டும். அதைக் கிளெண்டா தனியாக மாட்டவும் வேண்டும். தனியாக மாட்டக்கூடியவை எல்லாம் குடை அளவு. பெரியவை எல்லாம் இரண்டு பேர் கேட்கும். இதற்கு நடுவே ஒரு பந்தல் கிடைத்தால்தான் அவர்களுக்கு இனி கேரவன் உண்டு. அப்படி ஒரு கெடுவை வைத்தது அவர்கள் மகன் ஏட்ரியன், ஈஸ்டர் விருந்து மேசையில்.

கிளெண்டா அதை என்னிடம் நடித்தே காட்டினார். ஏட்ரியனின் குரலுக்கு மூக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். மகன் வேலை பார்ப்பது லீட்ஸில், காப்பீட்டுக் கம்பெனியில்.

"'அம்மா, நீ ஒத்தையா பந்தல் போட்டுக் காட்டு, வண்டிய வெச்சுக்க. இல்லன்னா மே மாசக் கடைசி லீவுக்கு நான் வந்து வித்துக் குடுத்துடறேன். ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்.' இப்படிச் சொல்றான் கண்ணு! உருளைக்கிழங்கு என்னுது, ஆட்டுக்கறி என்னுது, வண்டி என்னுது. வாய் மட்டும் அவனுது!"

"கெய்த் என்ன சொன்னார்?"

"அவரு என்னத்தச் சொல்லுவாரு? கிழங்கப் பாத்துக்கிட்டிருந்தாரு."

கெய்த் முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருந்ததை அவர் தனக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பேச வேண்டுமானால் முதலில் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கும் பேச்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் கிளெண்டா இரண்டு வாக்கியம் பேசி முடித்திருப்பார்.

பந்தல் கடை யார்க் போகும் சாலையில் இருக்கிறது. விமானம் நிறுத்தலாம், அத்தனை பெரிய கொட்டகை. உள்ளே வரிசையாக நாற்பது பந்தல்கள், தெரு தெருவாக. எனக்கும் முளை வாங்க வேண்டியிருந்ததால் ஒரே காரில் போனோம். பின் இருக்கையில் எனக்குப் பாதி இடம்தான். மீதியில் கெய்த்தின் சாய்வு நாற்காலி.

விற்பனைக்கு வந்த பையன் பெயர் கேலம். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் தொடுதிரைப் பலகை. நேராகக் கெய்த்திடம் போனான்.

"வாங்க சார். எந்த மாதிரி எதிர்பார்க்கறீங்க?"

கெய்த் தொண்டையைச் செருமினார்.

"நாற்காலிய விரி கண்ணு," என்றார் கிளெண்டா அவனிடம்.

அடுத்த ஒரு மணி நேரம் கெய்த் ஒவ்வொரு பந்தலாகப் போய்ப் படுத்தார். படுத்தால் தலை சுவரில் இடிக்கிறதா, கால் கதவைத் தாண்டுகிறதா என்று கிளெண்டா சுற்றி வந்து பார்ப்பார். "எழுந்திரு. அடுத்தது." ஆறாவதோ ஏழாவதோ பந்தலில் கெய்த் நிஜமாகவே தூங்கிவிட்டார். காற்றுக் குழாய்களால் நிற்கும் பெரிய சாம்பல் நிறப் பந்தல் அது. அதில் கம்பு எதுவும் கிடையாது. துணியைக் காடியில் செருகிவிட்டு பம்ப்பை அடித்தால் தானே எழுந்து நிற்கும். தூக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டாம்.

கேலம் தூங்குகிறவரிடமே தொடர்ந்தான். "சார், இது எங்க கிட்ட நல்லாப் போற மாடல். ஃபேமிலிக்கு ரொம்ப ஏத்தது சார்."

"சார் தூங்குறாரு கண்ணு. என்கிட்டப் பேசு."

"சாரி மேடம்."

"இத இறக்கு. நான் மாட்டிப் பாக்கணும்."

"இங்க வெச்சு மாட்ட முடியாது மேடம். பாதுகாப்பு விதி."

"விக்கிறதுக்கு விதி இல்ல, தொட்டுப் பாக்கறதுக்கு விதியா கண்ணு? ஷூ வாங்குனா கால விட்டுப் பாக்கறோமில்ல?"

"பெட்டியிலயே போட்டிருக்கு மேடம், ரெண்டு பேர் வேணும்னு. படம்கூட இருக்கு."

பெட்டியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் நீல வானம், ஒரு நாய். கிளெண்டா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார்.

"கண்ணு, இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்துப் போனா, மத்தவரு பந்தலத் திருப்பிக் குடுத்துடணுமா கண்ணு?"

கேலம் பெட்டியைப் படம் தெரியாதபடி திருப்பி வைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்று, எரிச்சல் வந்தது. அந்தக் கொட்டகையில் நான் பார்த்த பெட்டிகள் எல்லாவற்றிலும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கேரவன்காரர்களில் பாதிப் பேருக்கு எழுபது தாண்டியிருக்கும். தோள் போனவர், முட்டி போனவர், கூட இருந்த ஆளே போய்விட்டவர் என்று எங்கள் வரிசையிலேயே எத்தனை பேர். அவர்கள் காசு மட்டும் ஒற்றை ஆள் காசாக இருந்தாலும் செல்லும்.

கடைசியில் அந்தச் சாம்பல் நிறப் பந்தலையே எடுப்பதென்று கிளெண்டா முடிவு செய்தார். அப்புறம் அளவு. தரையில் தொடங்கி, காடி வழியே கூரை ஏறி இறங்கி, மறுபக்கம் தரையைத் தொடுகிற வரை எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் பந்தல் அளவு. கேலம் வண்டியின் மாடலைத் தட்டினான்.

"தொள்ளாயிரத்து ஐம்பது வரும் மேடம்."

"தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு."

"சிஸ்டத்துல ஐம்பதுன்னுதான்..."

"உன் சிஸ்டம் என் வண்டியப் பாத்திருக்கா கண்ணு? பிப்ரவரி மாசம், எங்க வீட்டு வாசல்ல, குளிர்ல மூக்கு ஒழுக ஒழுக, கயிறு போட்டு நானே அளந்தேன் கண்ணு. நீ கண்ணாடிய விரலால தேச்சுட்டு என்கிட்டச் சொல்ற!"

கெய்த் விழித்திருந்தார். தொண்டையைச் செருமினார். "கிளெண்டா..."

"நீ படுத்துக்கோ."

இன்னொரு முறையும் செருமினார். அதற்குள் கிளெண்டா தான் சொன்ன அளவுப் பெட்டியைக் கார் வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு போயிருந்தார்.

மே மாதக் கடைசி விடுமுறை. சனிக்கிழமை காலையே ஏட்ரியன் வந்துவிட்டான். வெள்ளைக் காலணி, கையில் போன். போனில் அந்த ஆபீஸ்காரன் இரண்டு முறை கூப்பிட்டான். "பாத்துட்டுச் சொல்றேன்டா, மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சுடும்," என்றான் ஏட்ரியன், தாய்க்குக் கேட்கும்படி.

எங்கள் முகாமில் யாராவது பந்தல் போட ஆரம்பித்தால் அன்றைக்கு வேறு பொழுதுபோக்கு தேவையில்லை. வரிசை முழுக்க நாற்காலிகள் மெதுவாகத் திரும்பும். கெட்டில் போடப்படும். யாரும் நேராகப் பார்க்க மாட்டார்கள். நாளிதழின் மேல் விளிம்புக்கு மேலாகத்தான் பார்ப்பார்கள். எத்தனையோ திருமணங்கள் இந்தப் புல்தரையில் ஆட்டம் கண்டதை நாங்கள் பிஸ்கட்டோடு பார்த்திருக்கிறோம். கேட்காதவருக்கு உதவக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். ஆனால் ஒரு பெண் தனியாகச் சுத்தியலை எடுத்தால் அந்தச் சட்டம் பறந்துவிடும். கயிற்றின் மறுமுனையில் எங்கிருந்தோ ஓர் ஆண் முளைப்பான். கொஞ்ச நேரத்தில் இரண்டு முனையும் அவன் கையில் இருக்கும். அந்தப் பெண் தேநீர் போட்டுக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு எதிர் வண்டி நார்மன் இரண்டு முறை எழுந்தார், கையில் தன் சொந்தச் சுத்தியலோடு.

"கிளெண்டா, நான் ஒரு கை..."

"நார்மன், உக்காரு கண்ணு."

உட்கார்ந்தார்.

பாத்திரம் கழுவும் திரவத்தைத் துணியின் விளிம்பில் தடவி, ஒரு முக்காலியில் ஏறி, காடியின் வாயில் முனையைச் செருகினார் கிளெண்டா. பொதுவாக ஒருவர் செருக, இன்னொருவர் இழுப்பார். கிளெண்டா ஒரு முழம் செருகுவார், இறங்குவார், முக்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவார், ஏறுவார், இழுப்பார், இறங்குவார், திரும்ப ஓடி வருவார். நடுச் சன்னலுக்கு மேலே துணி சிக்கிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. நாளிதழ்கள் தாழ்ந்தன. ஏட்ரியன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"அம்மா, விடு..."

"தொட்டீன்னா சுத்தியலாலயே போட்டுடுவேன் கண்ணு."

திரவப் புட்டியைக் காடிக்குள் பிதுக்கினார். முகமெல்லாம் நுரை. வண்டிச் சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். துணி விசுக்கென்று ஓடி முனைக்கு வந்தது. யாரோ ஒருவர், எங்கள் ஊர் வழக்கத்துக்கு விரோதமாக, "அப்படிப் போடு!" என்று கத்திவிட்டு உடனே இருமினார்.

பிறகு பம்ப். எழுபத்தொரு வயது இடுப்பு வளைந்து வளைந்து நிமிர்ந்தது. படுத்திருந்த யானை மாதிரி அந்தச் சாம்பல் துணி முதுகை உயர்த்தி, முட்டியை ஊன்றி, எழுந்தே நின்றது. கிளெண்டா பம்ப்பைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். மகனைப் பார்த்தார். பேச மூச்சில்லை.

ஆனால் முளை அடிக்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது. பந்தலின் அடி விளிம்பு சுற்றிலும் அரைச் சாண் தரையில் மடிந்து கிடந்தது, அண்ணன் பேன்ட்டைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி. இழுத்து முளை அடித்தால் சுவர் விறைக்க வேண்டும். விறைக்கவில்லை. கடற்காற்று உள்ளே புகுந்து, துணி படபடவென்று அடித்துக்கொண்டது. இப்படியே விட்டால் முதல் புயலில் இதுவும் பழையது போன வழியில் போய்விடும்.

"அளவு மாத்திக் குடுத்துட்டான்!" கிளெண்டாவின் குரல் கீழே கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். "நான் சின்னப் பொண்ணா? எனக்குத் தெரியாதா? அந்தப் பலகைய வெச்சுக்கிட்டு என்னய ஏமாத்திட்டான் கண்ணு! போன எடு கண்ணு! இன்னைக்கு அந்தக் கடையில ஒரு பந்தல்கூட நிக்கக் கூடாது கண்ணு!"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டிய நேரம். போகவில்லை. கெய்த் தொண்டையைச் செருமியிருந்தார். இந்த முறை கிளெண்டாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் அந்த இடைவெளி காலியாகவே இருந்தது.

"கிளெண்டா. நீ அளந்தியே, பிப்ரவரியில. அப்போ சக்கரம் எங்க இருந்துச்சு?"

கிளெண்டா குனிந்து வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார்.

அக்டோபரில் கெய்த் வண்டியின் சக்கரங்களைக் கழற்றி வீட்டுக் கொட்டகையில் வைத்துவிடுவார். ஒரே இடத்தில் கிடந்து டயர் பழுதாகாமல் இருக்க, இங்கே நிறையப் பேர் செய்வதுதான். குளிர்காலம் முழுக்க வண்டி இரும்புத் தாங்கிகளின் மேல், வழக்கத்தைவிட அரைச் சாண் கூடுதல் உயரத்தில் நிற்கும். கிளெண்டா கயிறு போட்டு அளந்தது அந்தக் கூடுதல் உயரத்தையும் சேர்த்துத்தான்.

"கடையிலயே சொல்ல வந்தேன்," என்றார் கெய்த்.

"வந்தா சொல்றதுதான!"

"படுத்துக்கோன்ன."

வரிசையில் ஒரு நாளிதழ்கூட அசையவில்லை. கிளெண்டாவின் நுரை பூசிய முகம் முதலில் சிவந்தது, பிறகு வேறென்னவோ ஆனது. கடைக்காரன் தன்னை விட்டுவிட்டுக் கணவரிடமே பேசியதற்கு அதட்டியவர் அவர்.

ஏட்ரியன் போனை வெளியே எடுத்தான். "சரிம்மா. போதும். நீ முயற்சி பண்ணுன. இது பந்தலே இல்ல, மூட்டை. நான் அவன்கிட்டச் சொல்லிடறேன்."

"நீ என்ன சொன்ன ஈஸ்டருக்கு?" கிளெண்டா திரும்பினார். கண்ணு இல்லை. ஒரு கண்ணுகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒத்தையா மாட்டுன்ன. மாட்டுனேனா, இல்லையா?"

"மாட்டுன. ஆனா..."

"அளந்ததுல தப்புப் பண்ணேன். ஒத்துக்கறேன். மாட்டுனதுல என்ன தப்பு? சொல்லு, எது தப்பு?"

"அவ மாட்டுனா," என்றார் நார்மன், நாற்காலியில் இருந்தே. "நான் பாத்தேன்." அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைகள் ஆடின.

"அப்பா," என்றான் ஏட்ரியன், கடைசி நீதிமன்றத்துக்குப் போகிறவன் போல. "நீங்களாவது வாயத் திறந்து சொல்லுங்க. உங்க தோளுக்காகத்தானே இவ்வளவும். என்ன பண்றது?"

கிளெண்டா குறுக்கே பேசப் போனவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கெய்த் செருமினார். காற்று துணியை அடித்தது. அந்த இடைவெளியை இதுவரைக்கும் இத்தனை நீளமாக நான் கேட்டதில்லை.

"ஒரு அளவு சின்னதா மாத்திட்டு வா," என்றார் கெய்த் மகனிடம். "கடை நாலு மணி வரைக்கும் இருக்கும்."

ஏட்ரியன் தாயைப் பார்த்தான், தந்தையைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான். வரிசை நாளிதழ் படித்தது. "இதுல புல்லுக் கறையெல்லாம் பட்டிருக்கு," என்றான், தளர்ந்துபோன குரலில். "திரும்ப எடுத்துக்க மாட்டாங்க."

"எடுக்கலன்னா எனக்குப் போன் போடச் சொல்லு," என்றார் கிளெண்டா. "அந்தப் பையன் சொன்னது சரிதான்னு நானே சொல்றேன். சொல்லிட்டு மாத்த வெக்கறேன்."

காற்றுக் குழாயின் மூடியை அவரே திருகினார். பந்தல் நீளமாகப் பெருமூச்சு விட்டுப் படுத்தது. யாரையும் நெருங்கவிடாமல் சுருட்டினார், மேலே ஏறி முட்டி போட்டுக் காற்றை வெளியேற்றினார், பைக்குள் திணித்தார். மூட்டையைப் புல்லில் இழுத்துக்கொண்டு போய், ஏட்ரியனின் பளபளப்பான காரின் முன் கதவைத் திறந்தார். ஈரமும் மண்ணும் சோப்பு நுரையுமாக அதை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தார். பிறகு உள்ளே குனிந்து, சீட் பெல்ட்டை இழுத்து, மூட்டையின் வயிற்றைச் சுற்றிப் போட்டு, 'க்ளிக்' என்று சத்தம் வரும் வரைக்கும் அழுத்தினார்.